இருவாச்சியைச் சுற்றிய துணி

ஒரு தாயிடம் காரணம் சொல்லாமல் அவளுடைய பச்சைக் குழந்தையின் துணிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தேனே, அன்று காரணத்தையும் சொல்லியிருக்க வேண்டுமா? ஆறு வருடமாக எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருக்கிறேன். சொல்லியிருக்க வேண்டும் என்று காலையில் தோன்றும். சொல்லியிருந்தால் அவள் என்ன ஆகியிருப்பாள் என்று மத்தியானம் தோன்றும். எதிலும் நிலைத்து நிற்க முடியவில்லை.

இப்போது எழுத உட்கார்ந்ததற்கு ஒரு கடிதம் காரணம். நான் பார்த்த வேலையில் இப்போது இருக்கும் பெண் எழுதியிருக்கிறாள். பழைய பதிவேட்டின் ஓரத்தில் என் கையெழுத்தில் 'கொடுத்த துணிகள் திரும்பப் பெறப்பட்டன' என்று ஒரு வரி இருக்கிறதாம். "அக்கா, மற்ற எல்லாவற்றுக்கும் காரணம் எழுதியிருக்கிறீர்கள். இதற்கு மட்டும் ஏன் இல்லை? இனிமேல் பறவைத் தோல்களைக் கையுறை போட்டுத்தான் தொட வேண்டும் என்று உத்தரவு வந்திருக்கிறது. இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?" என்று கேட்டிருக்கிறாள். மூன்று முறை பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன். கடிதத்தில் அடங்காததை இங்கே எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

இன்டர்மீடியட் தேறிய கையோடு எனக்கு அந்த வேலை கிடைத்தது. குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகும் வழியில் ஒரு பழைய பங்களா. அதில் ஒரு சின்னக் காட்சிசாலை. பாடம் செய்த மலைப் பறவைகள், தேன் எடுக்கும் கூடைகள், ஈட்டிகள், செப்புக் காசுகள், ஏட்டுக் கட்டுகள். நான் பதிவேடு எழுதுபவள். முதல் இரண்டு வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பொருள் வந்தால் எண் போட வேண்டும், அளவெடுக்க வேண்டும், எங்கிருந்து வந்தது என்று எழுத வேண்டும். அடித்தல் திருத்தல் இருக்கக்கூடாது. கல்யாணமாகித் தென்காசிக்கு வந்த பிறகும் தினமும் பஸ்ஸில் போய்வந்தேன்.

காப்பாளர் சிவசைலம் சாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மெலிந்த மனிதர். சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. எந்தப் பொருளையும் இரண்டு கையாலும்தான் எடுப்பார். ஒரு செப்புக் காசாக இருந்தாலும் அப்படித்தான். கையில் பொருள் இருக்கும்போது யார் என்ன கேட்டாலும் பதில் வராது. அதைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்துவிட்டு, "இப்ப சொல்லுங்க" என்பார். சட்டைப் பையில் ஒரு சின்னத் தகரப் பெட்டியில் சோப்புத் துண்டு வைத்திருப்பார். கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். அவர் என்னை "அம்மா, தாங்கள்" என்று அழைத்த நாளில் நான் எண்ணை மாற்றி எழுதியிருக்கிறேன் என்று அர்த்தம்.

அந்தச் சோப்புக்குக் காரணம் உண்டு. பறவையின் தோலை உரித்து, உள்பக்கம் வெள்ளைப் பாஷாணம் கலந்த சோப்பைத் தடவி, பஞ்சு அடைத்துத் தைப்பார்கள். அப்போதுதான் பூச்சி அரிக்காது. எங்களிடம் இருந்தவை எல்லாம் மிகப் பழையவை. தையல் விட்ட இடத்தில் வெள்ளைப் பொடி உதிரும். "பார்த்தா அரிசி மாவு மாதிரிதான் இருக்கும். அதான் பயம்," என்பார் சார். பறவையைச் சுற்றிய துணிமேல் சிவப்பு நூல் கட்ட வேண்டும், மற்றதற்கு வெள்ளை நூல். சிவப்பு நூல் அவிழ்த்த துணியை வேறு எதற்கும் எடுக்கக் கூடாது, கோணியில் கட்டி எரித்துவிட வேண்டும். இது அவர் வைத்த சட்டம்.

குற்றாலத்தில் சாரல் மாதங்களில் பங்களாவின் சுவரே வியர்க்கும். காசில் பச்சை ஏறும், ஏட்டில் பூஞ்சை படரும், ஒட்டிய சீட்டு உரிந்து விழும். அதனால்தான் தென்காசியில் புதுக் கட்டடம் கட்டினார்கள். வைகாசிக்குள் எல்லாவற்றையும் மாற்றிவிட வேண்டும், ஆனிச் சாரலுக்கு முன் அலமாரியில் அடுக்கிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. அறுபதுகளின் தொடக்கம் அது. என் மூத்தவனுக்கு அப்போது ஏழு மாதம்.

பிள்ளையை அத்தையிடம், அதாவது மாமியாரிடம், விட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போனேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மூன்று முறை சோப்புப் போட்டுக் கை கழுவி, தலைக்குக் குளித்து, சேலை மாற்றிய பிறகே அவனைத் தூக்குவேன். "பெத்த பிள்ளையத் தூக்குததுக்கு இம்புட்டுத் தீட்டா?" என்பார் அத்தை. செத்ததைத் தொடுவதால் தீட்டுக் கழிக்கிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். நான் மாற்றிச் சொல்லவில்லை. பாஷாணம் என்ற சொல்லை அந்த வீட்டுக்குள் எப்படிக் கொண்டுவருவது? அடுத்த நாள் என்னை வேலைக்கு அனுப்பியிருக்க மாட்டார்கள்.

சுற்றுவதற்குக் கடையநல்லூர்த் தறியிலிருந்து காடாத் துணி வாங்கினோம். துவைத்துப் பசையெடுத்த காடா மெத்தென்று இருக்கும். எல்லாம் வெள்ளை. ஒரே ஒரு துண்டுக்கு மட்டும் இரண்டு ஓரத்திலும் நீல இழை ஓடியது. தறியில் மிஞ்சிய பாவு நூல் என்று நெய்தவர் சொன்னார். அதை நான் இருவாச்சிக்கு எடுத்து வைத்தேன். எங்களிடம் இருந்ததிலேயே பெரிய பறவை அதுதான். போய்ச் சேர்ந்ததும் முதலில் பிரிக்க வேண்டியதும் அதுதான். நீல ஓரம் இருந்தால் தேடாமல் எடுக்கலாம். அதன் இறக்கைக்குக் கீழே தையல் விட்டிருந்தது. சார் பிடித்துக்கொள்ள, நானே சுற்றினேன்.

லாரி குலுக்கும் என்று சார் மாட்டு வண்டிதான் வேண்டும் என்றார். அச்சன்புதூர் சுடலை அண்ணாச்சி வண்டி கொண்டுவந்தார். வைக்கோல் மெத்தை போட்டு அடுக்கினோம். மேலகரம் தாண்டும்போது சார் வண்டியோடு நடந்துகொண்டே, "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

"கல்யாணப் பொண்ணையே இவ்வளவு மெதுவா நான் கொண்டு போனதில்ல சார்," என்றார் சுடலை அண்ணாச்சி. "செத்த பறவைக்கி வந்த யோகத்தப் பாருங்க."

பின்னால் கூடை சுமந்து வந்த இசக்கியம்மா விடவில்லை. காட்சிசாலையைப் பெருக்கித் துடைக்கும் வேலை அவளுக்கு. வாய் ஓயாது. பதிவேடு எழுதும் என்னை ரிஜிஸ்தரம்மா என்றுதான் கூப்பிடுவாள். "ஏன், ஒம்மையும் பாடம் பண்ணி வைக்கச் சொல்லட்டா? வண்டிக்காரன் ஒண்ணுன்னு ரிஜிஸ்தரம்மா நம்பர் போட்டு எழுதிக்கிடுவாவ."

"எனக்குப் பஞ்சு அடைக்க வேண்டாம் தாயி, வயித்துக்குள்ள ஏற்கெனவே ஒம் பேச்சுதான் அடைஞ்சு கெடக்கு."

சார் கூடச் சிரித்தார். அதுதான் அந்த இடமாற்றத்தில் நாங்கள் சிரித்த கடைசிச் சிரிப்பு.

நாலாவது நடையில் பறவைகளும் கூடைகளும் ஒன்றாக வந்தன. சாரல் ஒரு வாரம் முந்திக்கொண்டது. காற்று தார்ப்பாயைத் தூக்கிவிட, பாதிப் பொதிகள் நனைந்துவிட்டன. ஈரத்தோடு ஒரு ராத்திரி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். எல்லாவற்றையும் உடனே பிரிக்கச் சொன்னார் சார். புதுக் கட்டடத்தின் கூடத்தில் குறுக்கே கயிறு கட்டினோம். சிவப்பு நூல் அவிழ்த்த துணிகளை ஜன்னல் பக்கத்துக் கயிற்றிலும், வெள்ளை நூல் அவிழ்த்தவற்றைச் சுவர்ப் பக்கத்துக் கயிற்றிலும் நானே போட்டேன். சரியாகத்தான் போட்டேன். அப்புறம் சாரோடு சேர்ந்து பறவைகளைச் சாமான் அறைக்குள் கொண்டுபோய்விட்டேன்.

திரும்பி வந்தபோது மணி ஐந்தைத் தாண்டிவிட்டது. காலையில் பால் கொடுத்தது. மார்பு கல்லாகிக் கட்டி, ரவிக்கை நனைந்து, மேலே சேலையை இழுத்து மூடிக்கொண்டு நின்றேன். பிள்ளை அழுவான் என்பதைத் தவிர வேறு எதுவும் தலையில் இல்லை. ஜன்னல் பக்கம் தொங்கியதை ஒரு கட்டாக, சுவர்ப் பக்கம் தொங்கியதை இன்னொரு கட்டாக மடித்தேன். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கவில்லை. வீட்டுக்கு ஓடினேன்.

மறுநாள் சார் கேட்டார், "சிவப்பைத் தனியா எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு சார்."

ஜன்னல் பக்கத்துக் கட்டைக் கட்டடத்துக்குப் பின்னால் எரித்தோம். சுவர்ப் பக்கத்துக் கட்டு மிஞ்சியது. ஒரு வேலை முடிந்தால் மிஞ்சிய சாமானை வேலையாட்களுக்குக் கொடுப்பது அங்கே வழக்கம். வைக்கோல் சுடலை அண்ணாச்சியின் மாட்டுக்கு, பலகைகள் தச்சருக்கு. துணியை இசக்கியம்மாவுக்குக் கொடுக்கலாம் என்று சொன்னவள் நான். அவள் மகள் வள்ளி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். பச்சைக் குழந்தைக்கு மெத்தென்ற துணி எவ்வளவு வேண்டும் என்று எனக்குத் தெரியுமே. மடித்தபடியே எண்ணி, ஒன்பது துண்டு என்று நானே எழுதினேன். சார் கையெழுத்துப் போட்டார்.

வள்ளிக்குப் பெண் பிறந்தது. தொட்டில் போடும் நாளுக்கு, "ரிஜிஸ்தரம்மா வராம நாங்க பிள்ளையத் தொட்டில்ல போட மாட்டோம்" என்று இசக்கியம்மா வந்து கூப்பிட்டாள். ஒரு கிலுகிலுப்பை வாங்கிக்கொண்டு போனேன். வெயில் நேரம். வீட்டில் ஏழெட்டுப் பெண்கள். எல்லோரும் விலகி எனக்கு வழி விட்டார்கள். தொட்டிலுக்குள் குனிந்தேன். பிள்ளை விழித்திருந்தது. அதன் அடியில் விரித்திருந்த துணியின் ஓரம் சுருண்டு அதன் வாய்க்குப் பக்கத்தில் கிடந்தது. பிள்ளை அதைச் சப்பிக்கொண்டிருந்தது. அந்த ஓரத்தில் நீல இழை.

நான் என்ன செய்தேன் என்று சரியாக நினைவில்லை. துணியை வாயிலிருந்து எடுத்துவிட்டேன். அது நினைவிருக்கிறது. "பசிக்கி போல, எல்லாத்தையும் சப்புதா," என்றாள் வள்ளி. நான் சிரித்திருக்க வேண்டும். கிலுகிலுப்பையைக் கொடுத்திருக்க வேண்டும். பிறகு இசக்கியம்மாவிடம் கேட்டேன், அன்றைக்குக் கயிற்றில் போட்டிருந்த துணியை யாராவது தொட்டார்களா என்று.

"நான்தாம்மா மாத்திப் போட்டேன். சன்னல் பக்கம் காத்து பிச்சிக்கிட்டு அடிக்கி. துணியெல்லாம் பறந்து தரையில விழுது. கொஞ்சத்த எடுத்து இந்தப் பக்கம் போட்டேன். ஏன், என்ன?"

"ஒண்ணுமில்ல," என்றேன்.

நேரே புதுக் கட்டடத்துக்குப் போனேன். சார் அலமாரிக் கால்களுக்கு அடியில் எறும்புக்காக மண்ணெண்ணெய்க் கிண்ணம் வைத்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை கிண்ணத்தை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டே இருந்தார். பிறகு கீழே வைத்தார்.

"துவைச்சிருக்காங்களா?"

"துவைச்சுத்தான் சார் விரிச்சிருப்பாங்க."

"எத்தனை தடவை?"

"தெரியலை."

"பிள்ளை வாந்தி எடுக்குதா? வயித்தால போகுதா?"

"கேட்கலை சார்."

"அம்மா," என்றார், "தாங்கள் உடனே போய் எல்லாத்தையும் வாங்கிட்டு வாங்க. காரணம் சொல்ல வேண்டாம். பச்சை உடம்புக்காரி. கேட்டா பயத்துல பால் வத்திப் போகும்." கொஞ்சம் நிறுத்தி, "ஊருக்குத் தெரிஞ்சா பறவையெல்லாம் எரிக்கச் சொல்லுவாங்க," என்றார். இரண்டாவதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்கு மூன்றாவதாக ஒரு காரணம் இருந்தது. அந்தப் பட்டியல் என் கையெழுத்து. 'எடுத்தாச்சு சார்' என்றது என் வாய்.

போகும் வழியெல்லாம் பொய்யைச் சேர்த்துக்கொண்டே போனேன். பெண்கள் இன்னும் கலையவில்லை. "இசக்கியம்மா, ஒரு தப்பு நடந்துபோச்சு. அந்தத் துணியெல்லாம் ஆபீசுக்குத் திரும்ப வேணுமாம். மேலே இருந்து கேக்காங்க. உனக்குப் புதுசா வேற வாங்கித் தாரேன்," என்றேன்.

இசக்கியம்மா முதலில் சிரித்தாள். விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பாள். பிறகு பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தாள்.

"நான் என்ன, தூக்கிட்டா வந்தேன்? நீங்கதானம்மா குடுத்திய?"

"நான்தான் கொடுத்தேன். இல்லேன்னு சொல்லலை. ஆனா வேணுமாம்."

"நாலு பேரு முன்னால தொட்டில்ல கெடக்க துணிய உருவிட்டுப் போணும்னா வந்திய? நாளைக்கி வந்து கேட்டா ஆகாதா?"

நாளை வரை முடியாது என்று எப்படிச் சொல்வேன்? வள்ளி குழந்தையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து இசக்கியம்மா ஒரு கட்டைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தாள். எண்ணினேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, குனிந்து எண்ணினேன். ஒன்பது. நீல ஓரமும் அதில் இருந்தது. எனக்கு உயிர் வந்தது. மறுநாள் இரண்டு புது வேட்டித் துணி வாங்கிக் கொடுத்தனுப்பினேன். அது அப்படியே திரும்பி வந்தது.

கட்டை எரித்தோம். பதிவேட்டின் ஓரத்தில் அந்த ஒரு வரியை எழுதினேன். இசக்கியம்மா வேலைக்கு வரவில்லை. காட்சிசாலைத் துணியை எடுத்துக்கொண்டு போய்ப் பிடிபட்டாள் என்று பேச்சு பரவிவிட்டது. சுடலை அண்ணாச்சியே என்னிடம், "வாய் பேசும்போதே நெனச்சேம்மா, கை சும்மா இருக்காதுன்னு," என்றார். அப்படியில்லை அண்ணாச்சி என்று சொன்னேன். ஏன் அப்படியில்லை என்று அவர் கேட்பதற்குள் உள்ளே போய்விட்டேன். இசக்கியம்மா ஓர் அரிசி ஆலைக்கு நெல் காயப்போடும் வேலைக்குப் போனாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். வள்ளி புருஷன் வீட்டுக்குப் போகும்வரை, அந்தத் தெருவுக்குக் காரணம் கண்டுபிடித்துப் போய்வந்தேன். ஒருமுறை வயிற்றுப்போக்கு என்றார்கள். என் மகனுக்கும் அந்த வாரம் வயிற்றுப்போக்குத்தான். எந்தக் குழந்தைக்கு இல்லை? இப்படிச் சொல்லிக்கொண்டே மூன்று வருடம் வேலை பார்த்தேன். சார் ஓய்வு பெற்றுச் சொந்த ஊருக்குப் போய், காலமாகிவிட்டார். கடைசிவரை நாங்கள் இருவரும் அதைப் பேசவில்லை. இரண்டாவது பிள்ளை வயிற்றில் வந்ததும், உடம்பு முடியவில்லை என்று எழுதிக் கொடுத்து நானும் விலகினேன். அதற்கும் இப்போது மூன்று வருடம் ஆகிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை. சிவப்பு நூலைக் கையில் எடுக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

போன மாதம் வள்ளி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். ஏழு மாதக் கர்ப்பம். அந்த முதல் குழந்தைக்குப் பிறகு இப்போதுதான் தரித்திருக்கிறதாம். தாய் வீட்டுக்கு வந்திருக்கிறாள். கூடவே அந்தப் பெண், ஆறு வயது. இசக்கியம்மா வரவில்லை.

"அம்மைக்குத் தெரியாம வந்தேங்க்கா," என்றாள். "நீங்க படிச்சவுக. இவ கையப் பாருங்க."

பிள்ளையின் உள்ளங்கை சொரசொரவென்று, சின்னச் சின்ன முடிச்சுப் போலக் கெட்டியாக இருந்தது. பாதமும் அப்படித்தான் என்றாள். "செருப்பில்லாமத் திரியுதா, மண்ணுல விளையாடுதா, அதான்னு எல்லாரும் சொல்லுதாவ. எனக்கு மனசு கேக்கல." பிள்ளை நன்றாகப் பேசியது, என் மகனோடு ஓடியது, அவனைவிட வேகமாகவே ஓடியது. நான் அதன் கையை விடாமல் பிடித்திருந்தேன் போலிருக்கிறது. வலிக்குது என்று இழுத்துக்கொண்டது.

போகும்போது வள்ளி தயங்கினாள். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னாள். "ஒண்ணு சொல்லட்டா? கோவப்படக் கூடாது. அன்னைக்கி நீங்க துணி கேட்டு வந்தியல்லா, அந்த நீலக்கரைத் துணிய நான் முழுசாத் தரல. நடுவுல கிழிச்சி ஒரு பாதியத்தான் கட்டுல வச்சேன். மத்த பாதிய அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சிட்டேன். இவளுக்கு அது இல்லாட்டா உறக்கமே வராது. ரெண்டு வயசு வரைக்கும் அதச் சப்பிக்கிட்டேதான் தூங்குவா."

நான் கேட்டேன், "அது இப்ப எங்க?"

"வச்சிருக்கேன். பிறக்கப் போற பிள்ளைக்கும் ஆகும்லா. அவ்வளவு மெத்துன்னு வேற துணி ஏது?"

"அதை எனக்குக் கொடுத்துரு வள்ளி. பழசு, பிள்ளைக்கு ஆகாது. நான் நல்ல மெல்லிசு நூல் சேலை ரெண்டு கிழிச்சுத் தாரேன்."

அவள் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "இப்பவும் ஆபீசுல கேக்காவளாக்கா?" என்றாள்.

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வாய் திறந்தேன். அவள் வயிற்றைப் பார்த்தேன். "இல்ல, சும்மா சொன்னேன்," என்று சொல்லிவிட்டேன். சேலைகளை வாங்கிக்கொண்டாள். அந்தப் பாதித் துணியைத் தருகிறேன் என்று சொல்லவில்லை.

மறுநாள் தனியாக ஒரு டாக்டரைப் போய்ப் பார்த்தேன். தெரிந்த பிள்ளைக்கு இப்படி இருக்கிறது, கைக்குழந்தையில் பாஷாணம் பட்டிருந்தால் இப்படி வருமா என்று கேட்டேன். "வரலாம். வேறு எதாலும் வரலாம். பார்க்காமச் சொல்ல முடியாது. பிள்ளையையும் தாயையும் கூட்டிட்டு வாங்க. பிறந்ததுலேருந்து என்னென்ன நடந்ததுன்னு தாய் சொல்லணும்," என்றார். தாய்க்கு என்ன தெரியும்? தெரிந்தவள் நான் ஒருத்தி. காரணம் சொல்லி வாங்கியிருந்தால், அவள் அந்தப் பாதியையும் தன் கையாலேயே நெருப்பில் போட்டிருப்பாள். இது எனக்கு இப்போது நன்றாகத் தெரிகிறது.

இதை அச்சில் பார்க்கும் யாராவது வள்ளிக்கு வாசித்துக் காட்டிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. அப்படியே நடந்துவிடட்டும் என்றும் சில நேரம் தோன்றுகிறது. பிறகு அதுவும் கோழைத்தனம் என்று தோன்றுகிறது.

வாசகர்களே, உங்களில் மருத்துவம் தெரிந்தவர்கள் இருப்பீர்கள், பிள்ளை பெற்றவர்கள் இருப்பீர்கள், பொய் சொல்லி மாட்டிக்கொண்டவர்களும் இருப்பீர்கள். வள்ளிக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது. எட்டாம் மாதத்தில் ஒரு பெண்ணிடம் இதைச் சொல்லலாமா? பிரசவம் வரை பொறுத்தால் அந்தத் துணி அடுத்த பிள்ளையின் வாய்க்குப் போய்விடுமே. முதலில் இசக்கியம்மாவிடம் போவதா? நான் கெடுத்தது அவளுடைய பெயரை. என்னை அவள் வாசலில் ஏற்றுவாளா? அவர்கள் வீடு என் வீட்டிலிருந்து நாலாவது தெரு. இந்த மாதத்தில் இரண்டு முறை அந்தத் தெரு முனைவரை போய்த் திரும்பிவிட்டேன். போய்த்தான் ஆக வேண்டும் என்று தெரிகிறது. கதவு திறந்ததும் முதல் வாக்கியமாக என்ன சொல்ல வேண்டும் என்பதை மட்டும் யாராவது எனக்கு எழுதுங்கள்.